வடகடல் ஓரமாக: ரீபெயிலிருந்து ஸ்காகன் வரை

டென்மார்க் என்றால் கோபன்ஹேகனும் கடற்கன்னிச் சிலையும்தான் என்று நினைத்து வருகிறவர்கள் நாட்டின் மேற்குக் கரையைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்கு ஓரம் தெற்கே ஜெர்மன் எல்லையில் தொடங்கி வடக்கே ஸ்காகன் முனையில் முடிகிறது. மலை கிடையாது. பாறை தெரிவதே அபூர்வம். மணல், புல், ஓயாத காற்று, எதிரே வடகடல். ஐந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு இந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டே காரில் போகலாம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: சாலையிலிருந்து கடல் பெரும்பாலும் தெரியாது. இடையில் மணல்மேடுகள் மறைத்து நிற்கின்றன. வண்டியை நிறுத்தி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால்தான் கடல். அதனால் எங்கே நிறுத்துகிறோம் என்பதை வைத்துத்தான் இந்தப் பயணம் அமையும். கண்ணுக்கு அழகான இடமெல்லாம் நிறுத்திக்கொண்டே போனால் மூன்று நான்கு இடத்துக்குப் பிறகு எல்லாக் கரையும் ஒன்றாகவே தோன்றும்.

இந்தக் கரை நகர்ந்துகொண்டே இருக்கும் கரை. ஓரிடத்தில் கடல் மண்ணை அரித்துத் தின்கிறது, இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. காற்று மணலை ஊருக்குள் தள்ளுகிறது. இங்குள்ளவர்கள் பல நூறு ஆண்டுகளாக அணை போட்டும், மதகு வைத்தும், புல் நட்டும், எதுவும் முடியாதபோது விட்டுக்கொடுத்தும் வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் போராட்டம் கண்ணெதிரே தெரியும் இடங்களாகப் பார்த்துத்தான் இந்த அத்தியாயத்தில் நிறுத்தங்களைத் தேர்ந்திருக்கிறேன்.

திசையும் நாட்களும்

பில்லுன் விமான நிலையத்தில் கார் எடுத்து, ஆல்போர்க் விமான நிலையத்தில் ஒப்படைப்பது வசதி. கோபன்ஹேகனிலிருந்து வருவதானால் வழியில் 18 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்டோர பெல்ட் பாலம் வரும். 1998இல் கார்களுக்குத் திறந்த அந்தப் பாலத்துக்குச் சுங்கம் உண்டு, அது கணிசமான தொகை. தெற்கிலிருந்து வடக்கே போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். வடக்கே போகும்போது கடலும் இடப்பக்கம்தான்.

நான்கு நாள் இருந்தால் நிம்மதி. மூன்று நாளில் முடிக்கலாம். இரண்டு நாளில் ஓட்டுவது ஓட்டியதாக இருக்குமே தவிர பார்த்ததாக இராது. ஜூன், ஜூலையில் ஸ்காகன் பக்கம் இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது; மாலை ஆறு மணிக்குக்கூட ஒரு நிறுத்தத்தைப் புதிதாகத் தொடங்கலாம். ஜூன் 23 இரவு நீங்கள் கரையோரம் இருந்தால், ஊர் ஊராகக் கடற்கரையில் நெருப்பு மூட்டிக் கூடிப் பாடுவதைப் பார்க்கலாம். செப்டம்பரும் நல்ல மாதம்தான், கூட்டம் குறைந்துவிடும். நவம்பருக்கு மேல் பகல் சுருங்கிவிடும், பல அருங்காட்சியகங்களும் உணவகங்களும் மூடியிருக்கும்.

நாடு முழுவதும் ஓடும் மார்கரீத்த பாதையின் ஒரு பகுதியையும் இந்த வழியில் தொட்டுத் தொட்டுப் போவீர்கள். 1991இல் தொடங்கிய அந்தச் சுற்றுப்பாதை கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். பழுப்புப் பலகையில் வெள்ளை டெய்சிப் பூ போட்டிருந்தால் அதுதான். வழிகாட்டும் செயலி வேகமான சாலைக்கு இழுக்கும், டெய்சிப் பூ கிராமத்துக்குள் இழுக்கும். நேரம் இருந்தால் பூவின் பின்னால் போங்கள்.

காரில் ஏறும் முன்

ஊரிலிருந்து புறப்படும் முன்பே சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள், உள்ளூர் உரிமத்தையும் கையில் வைத்திருங்கள். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம். வலப்பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தால் போதாது, தலையைத் திருப்பிப் பாருங்கள். சைக்கிளில் நேராக வருகிறவருக்குத்தான் முதல் வழி. அவர் உங்களுக்காக வேகத்தைக் குறைக்க மாட்டார்.

கார் கண்ணாடியில் கடிகாரம்போல முள் வைத்த ஒரு வில்லை ஒட்டியிருக்கும். நேர வரம்புள்ள இலவசப் பார்க்கிங்கில் வந்து நின்ற நேரத்தை அதில் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால் அபராதச் சீட்டு வைப்பரில் செருகியிருக்கும். பெட்ரோல் பங்க் பலவற்றில் ஆள் கிடையாது, பின் நம்பருள்ள கார்டு தேவை. இறங்கும்போது கார்க் கதவைக் கையால் இறுகப் பிடித்துத் திறங்கள். மேற்குக் காற்று கதவைப் பிடுங்கி மறுபக்கம் மடக்கிவிடும், வாடகைக் கார்க் காப்பீடு பல சமயம் அதற்குப் பணம் தராது.

வழிநெடுகிலும் வீட்டு வாசல்களில் சின்னத் தட்டிக் கடைகள் இருக்கும். உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, தேன், சில சமயம் பழைய புத்தகம். கடைக்காரர் இருக்க மாட்டார். விலை எழுதியிருக்கும், பக்கத்தில் உண்டியல் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் தொலைபேசிச் செயலியில் பணம் போடுவார்கள். நமக்கு அது வாய்க்காது என்பதால் சில்லறைக் குரோனர் நாணயங்களைக் காரில் வைத்திருங்கள். ஜூன் கடைசியில் அந்த ஸ்ட்ராபெரிக்காகவே நிறுத்தலாம்.

ரீபெயும் ரோமோவும்

ரீபெ டென்மார்க்கின் மிகப் பழைய நகரம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தையாக உருவானது. கற்பாவிய தெருக்கள், சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், நடுவில் பேராலயம் எல்லாம் அழகு. ஆனால் முதலில் ஆற்றோரப் படகுத்துறைக்குப் போய் அங்கே நிற்கும் மரத்தூணைப் பாருங்கள். எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அதில் வளையம் வளையமாகக் குறித்திருக்கிறார்கள். உச்சியிலுள்ள வளையம் 1634 அக்டோபரில் வந்த புயல் வெள்ளத்துக்கானது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரில், பேராலயத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. இந்தத் தூணைப் பார்த்த பிறகு வழியில் வரும் ஒவ்வொரு அணையும் எதற்கென்று தானாக விளங்கும்.

ரீபெயிலிருந்து தென்மேற்கே ரோமோ தீவு. 1948இல் திறந்த கடல்மேட்டுச் சாலை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, இரண்டு பக்கமும் வாடன் கடல். ஆறு மணி நேரம் தண்ணீர், அடுத்த ஆறு மணி நேரம் சேறு. ஓதம் இறங்கிய சேற்றில் லட்சக்கணக்கான பறவைகள் மேயும். இதன் டச்சு, ஜெர்மன் பகுதிகள் 2009இலும், டென்மார்க் பகுதி 2014இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அந்தி நேரத்தில் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் வானத்தையே மறைக்கும் அளவுக்குத் திரண்டு சுழன்று, ஒரே சமயத்தில் நாணல் காட்டில் இறங்கும். இதைக் கறுப்புச் சூரியன் என்கிறார்கள். அந்த மாதங்களில் போனால் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

ரோமோவின் மேற்குக் கரையில் காரோடு கடற்கரைக்கே இறங்கலாம். லக்கோல்க்கிலும் தென்கரையிலும் வழி உண்டு. மணல் அவ்வளவு அகலமும் கெட்டியும். ஆனால் மூன்று விஷயம். வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள், கடற்கரையில் ஓட்டத் தடை போட்டிருந்தால் இறங்காதீர்கள். ஏற்கெனவே டயர் தடம் உள்ள கெட்டி மணலை விட்டு விலகாதீர்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடக்கப் போகாதீர்கள், ஓதம் ஏறும்போது கடல் உங்கள் காரைக் கேட்டுக்கொண்டு வராது. ரோமோவுக்கு வடக்கே மாந்தோ என்று ஒரு சிறு தீவு உண்டு. அதற்குப் போகும் பாதை ஓதத்தில் முழுகிவிடும். டிராக்டர் பேருந்தில் போய் வாருங்கள், சொந்தக் காரை இறக்க வேண்டாம்.

எஸ்பியர், ப்ளோவன்

எஸ்பியர் துறைமுக நகரம். ஸ்வென் வீக் ஹான்சன் செய்த நான்கு வெண்ணிற மனித உருவங்கள் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்கின்றன. 1995இல் வைத்தவை, ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர். அரை மணி நேரம் போதும். எதிரே உள்ள ஃபானோ தீவுக்குப் பன்னிரண்டு நிமிடப் படகு. நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம்.

ப்ளோவனில் 1900இல் கட்டிய சதுரக் கலங்கரை விளக்கம் டென்மார்க் பெருநிலத்தின் மேற்கு முனையில் நிற்கிறது. கரையெங்கும் கான்கிரீட் பதுங்குகுழிகள் சாய்ந்தும் புதைந்தும் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படை இறங்கிவிடும் என்று பயந்த ஜெர்மானியர் நார்வேயிலிருந்து பிரான்ஸ் வரை கட்டிய அட்லாண்டிக் அரணின் மிச்சம். மேட்டில் கட்டியவை பல இப்போது அலைக்குள் கிடப்பதை வைத்தே கரை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று கணக்கிடலாம். பக்கத்திலுள்ள தீர்பிட்ஸ் அருங்காட்சியகம் 2017இல் திறந்தது. கட்டடக் கலைஞர் பியார்கே இங்கல்ஸின் நிறுவனம் அதை மணல்மேட்டுக்குள்ளேயே புதைத்துக் கட்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு பிளவுகள் மட்டும் தெரியும், உள்ளே போனால் வெளிச்சம் கொட்டுகிறது. மழை நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் வேண்டும்.

மணல் நாடாவின் மேல்

நியூமின்னகாப் என்ற சிற்றூரிலிருந்து 181ஆம் எண் சாலையில் வடக்கே போங்கள். என் தேர்வில் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி இதிலிருந்துதான். ஹோல்ம்ஸ்லன் க்ளிட் என்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய மணல் திட்டு. இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் ரிங்கோபிங் கழி. ஓரிடத்தில் நிறுத்தி மேற்கே மேடேறினால் அலை இரைச்சலில் பேசுவது காதில் விழாது. சாலையைக் கடந்து கிழக்கே போனால் முழங்காலளவுத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

திட்டின் நடுவில் வீதெ சான்னெ ஊர். இந்த ஊர் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு மதகின் மேல் நில்லுங்கள். கழியிலிருந்து கடலுக்குப் போகும் வாய் மணல் தூர்ந்து தூர்ந்து தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் கழி நிரம்பிச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலம் மூழ்கியது. 1910 வாக்கில் திட்டின் நடுவில் நேராக ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெட்டியது மனிதன், அகலப்படுத்தியது கடல். சில ஆண்டுகளில் வாய் பெரிதாகிப் புயல் நீர் கழிக்குள் தாராளமாகப் புகுந்தது. வேறு வழியின்றி 1915இல் அதை அடைத்தார்கள். பிறகு மதகு வைத்துக் கட்டி 1931இல் திறந்ததுதான் இப்போது பார்ப்பது. வேலைக்கு வந்தவர்களும் மீனவர்களும் தங்கிப்போக, வெறும் மணல் இருந்த இடத்தில் துறைமுகம் எழுந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் ஹெர்ரிங் மீன் முட்டையிடக் கழிக்குள் நுழையும். அப்போது மதகோரம் தோளோடு தோள் உரசத் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். ஒரே தூண்டில் கயிற்றில் நான்கைந்து முள், இரை எதுவும் கோக்காமல் பளபளக்கும் முள் மட்டும். வீசி இழுத்தால் இரண்டு மூன்று மீன் சேர்ந்து தொங்கும். செதில் ஒட்டி நடைபாதையே வெள்ளியாக மின்னும். வழுக்கும், பார்த்து நடங்கள். தூண்டில் போட நினைப்பவர்கள் அரசின் மீன்பிடி அனுமதிச் சீட்டை இணையத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். துறைமுகத்தில் புகையூட்டிய மீன் விற்கும் கடைகளில் சூடான மீன் வடையைக் கேளுங்கள். மிளகாய் இராது, வீட்டு ஊறுகாய் கையோடு இருந்தால் நல்லது. சைவர்களுக்குக் கரையோர உணவகங்களில் தேர்வு மிகக் குறைவு. சமையலறையுள்ள கோடை வீட்டை வாடகைக்கு எடுத்து, அரிசியும் பருப்பும் கொண்டுபோவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கோடையில் அந்த வீடுகளைப் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாரக்கணக்கில்தான் தருவார்கள். குடும்பமாக வருகிறவர்கள் இந்தத் திட்டிலேயே வீடெடுத்துத் தெற்கும் வடக்கும் பகல் பயணமாகப் போய் வரலாம்.

வீதெ சான்னெக்குச் சற்று வடக்கே 1906இல் கட்டிய லிங்விக் கலங்கரை விளக்கம். 228 படி. ஏறியே ஆக வேண்டும், நாடா போன்ற இந்த நிலம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் இது ஒன்றுதான்.

திட்டு முடியும் சோன்னர்விக்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் ஹெர்னிங். 1980களிலிருந்து இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் மத்திய யூட்லாந்தின் நகரங்களில்தான் பரவலாக வாழ்கிறார்கள். ஹெர்னிங்கில் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது, அதற்குத் தெற்கே பிரான்டெயில் அபிராமி அம்மன் கோயில். கோடையில் திருவிழாச் சமயம் உங்கள் பயணத்தோடு பொருந்தினால் வழியை மாற்றிக்கொண்டு போய் வாருங்கள். டேனிஷ் தெருவில் தேர் வரும் காட்சி எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இராது. கோயிலில் நடை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

புயலின் கணக்கு

தோர்ஸ்மின்னெயில் இன்னொரு மதகு, இன்னொரு மீன்பிடி ஊர். 1811 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் செயின்ட் ஜார்ஜ், டிஃபென்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் புயலில் சிக்கி இந்தக் கரையில் மோதி உடைந்தன. 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள், பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உடல்களைப் புதைத்த மேடுகளுக்கு இன்றும் செத்தவர் மேடு என்றே பெயர். கப்பலிலிருந்து எடுத்த பொருட்களை ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அடுத்தது பௌபியர். நாற்பது மீட்டர் உயர மண் சரிவின் விளிம்பில் 1877இல் கட்டிய சிவப்புக் கலங்கரை விளக்கம். உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்தும் காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டுப் படியிறங்கிக் கீழே போங்கள். கரையிலிருந்து கடலுக்குள் வரிசையாக நீளும் கல் சுவர்கள் தெரியும். 1870களில் தொடங்கிப் போட்ட அலைத்தடுப்புகள். அவற்றுக்கு இடையில் மணல் தங்கி நிற்பதையும், கடைசிச் சுவரைத் தாண்டியதும் கரை சட்டென்று உள்வாங்குவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஓரிடத்தைக் காத்தால் அடுத்த இடம் பட்டினி என்பது கடலின் கணக்கு. நம் வடசென்னை மீனவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தூபரோனில் 1916ஆம் ஆண்டின் யூட்லாந்து கடற்போரில் இறந்த இரு தரப்பு மாலுமிகளுக்கும் மணல்மேட்டில் நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். மூழ்கிய ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கல் நட்டுச் சுற்றிலும் மனித உருவங்களை நிறுத்துகிறார்கள். ஊரிலிருந்து காரை ஏற்றிக்கொண்டு ஆகருக்குப் படகு போகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், ஆனால் நேர அட்டவணையைப் பாருங்கள். கடைசிப் படகைத் தவறவிட்டால் கழியைச் சுற்றி வெகுதூரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

த்யூ

படகிலிருந்து இறங்கினால் த்யூ தேசியப் பூங்கா. 2008இல் அமைந்தது, நாட்டின் முதல் தேசியப் பூங்கா. 244 சதுர கிலோமீட்டர். அலைந்த மணல் வயலையும் வீட்டையும் மூடிய பூமி இது. கிழங்குபோல வேர் ஓடி மணலைப் பிடிக்கும் புல்லை நட்டு, பின்னால் பைன் மரக்காடு வளர்த்துத்தான் அதை அடக்கினார்கள். புல்லைப் பிடுங்கவோ புதிய தடம் போடவோ வேண்டாம். வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள்.

ஸ்டென்பியரில் வெள்ளையடித்த மீனவர் குடில்களைப் பார்த்துவிட்டு வோருப்போருக்கு வாருங்கள். அங்கே துறைமுகம் கிடையாது. படகுகள் கரையிலேயே ஏறும். இரும்பு வடத்தைப் படகின் மூக்கில் மாட்டிவிட்டு வின்ச்சை இயக்கினால், நீல வண்ணப் படகு வயிறு மணலில் உரசிக் கரகரவென்று மேலேறி வரும். மாலையில் சற்றுக் காத்திருந்தால் பார்க்கக் கிடைக்கும். பிடித்த மீனை எதிரிலுள்ள கடையிலேயே விற்கிறார்கள். கடல்பாலத்தை ஒட்டிச் சுவர் எழுப்பிய கடல்நீர்க் குளம் ஒன்றும் உண்டு. குழந்தைகள் பயமில்லாமல் இறங்கக்கூடிய இடம் இந்தப் பயணத்தில் இது.

மற்ற இடங்களில் கடலில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கரைக்கு இணையாக நீருக்குள் மணல் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றின் இடைவெளி வழியே தண்ணீர் வேகமாக வெளியே பாயும். இழுத்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். காவலர்கள் கோடையில் சில கடற்கரைகளில் மட்டும், பகலில் மட்டுமே இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள். கடற்கரை நுழைவில் பச்சைப் பலகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இருக்கும். இறங்கும் முன் அதைத் தொலைபேசியில் படமெடுத்துவிடுங்கள். ஆபத்தென்றால் 112ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

க்ளிட்மொல்லரில் அலைச்சறுக்குக்காரர்கள் கூட்டம். ஹான்ஸ்ட்ஹோல்மில் பெரும் பீரங்கிகளுக்காகக் கட்டிய ஜெர்மன் பதுங்கரண் அருங்காட்சியகம். போர்ச் செய்திகளில் ஆர்வமில்லாவிட்டால் நேரே புல்பியருக்குப் போங்கள். 47 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, மேலே நின்றால் கடற்பறவைகள் உங்கள் காலடிக்குக் கீழே பறக்கும். எதிரே கடலில் தனியாக நின்ற ஸ்கார்ரெக்ளிட் என்ற பாறையை 1978இல் புயல் சாய்த்துவிட்டது.

ரூபியர் க்னூதெ

லொக்கனைத் தாண்டியதும் வரும் இந்த இடத்துக்கு அரை நாள் கொடுங்கள். 1900 டிசம்பரில் முதன்முதலாக விளக்கேற்றியபோது கலங்கரை விளக்கம் கடலிலிருந்து 200 மீட்டர் உள்ளே இருந்தது. கடல் சரிவை அரிக்க, அரித்த மணலைக் காற்று மேலே வாரி வீச, விளக்குக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் மலையே எழுந்தது. விளக்கின் ஒளி கப்பலுக்குத் தெரியாமல் போய், 1968இல் அணைத்துவிட்டார்கள். பிறகு அங்கே நடந்த அருங்காட்சியகத்தையும் மணல் விரட்டியது. சுற்றியிருந்த கட்டடங்கள் புதைந்து, மீண்டும் வெளிவந்து, செங்கல் குவியலாகச் சரிந்தன. கோபுரம் மட்டும் நின்றது. சரிவின் விளிம்பு சில மீட்டர் தூரத்தில் வந்தபோது, 2019 அக்டோபர் 22ஆம் தேதி, 720 டன் எடையுள்ள அந்த 23 மீட்டர்க் கோபுரத்தை அடியோடு தூக்கித் தண்டவாளத்தின் மேல் வைத்து 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். வேலையை முன்னின்று நடத்தியவர் ஓர் உள்ளூர்க் கொத்தனார். இதனால் கிடைத்த ஆயுள் ஏறக்குறைய நாற்பது ஆண்டு என்பது கணிப்பு.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் மணலில் நடக்க வேண்டும். முதியவர்களுக்குச் சிரமம். காற்றடிக்கும் நாளில் மணல் ஊசியாகக் குத்தும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கேமராவைப் பைக்குள் வையுங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் போகாதீர்கள், அடியில் குடைந்திருப்பது மேலே தெரியாது.

வடக்கே சற்றுத் தள்ளி மோருப் தேவாலயம் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடம். அதை நகர்த்தவில்லை. 2008இல் தொடங்கிக் கல் கல்லாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தை மட்டும் அப்படியே கடலுக்கு விட்டிருக்கிறார்கள். தரங்கம்பாடி போனவர்களுக்கு இங்கே நிற்கும்போது மாசிலாமணி நாதர் கோயில் நினைவுக்கு வராமல் இராது. 1306 வாக்கில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதே கரையில்தான் டேனிஷ்காரர்கள் 1620இல் டேன்ஸ்போர்க் கோட்டையைத் தொடங்கினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை இந்த நாட்டுக் கொடி அங்கே பறந்தது. எதைத் தூக்கி நகர்த்துவது, எதைப் பிரித்து எடுப்பது, எதைக் கடலுக்கு விடுவது என்று இங்கே ஊர் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். நம் கரையிலும் அந்தப் பேச்சு வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்காகன்

ஹிர்ட்ஸ்ஹால்ஸின் பெரிய மீன் காட்சியகம் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு. அதைத் தாண்டி ரோபியர் மீலெ. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மணல் குன்று ஆண்டுக்கு 18 மீட்டர் வரை வடகிழக்கே நகர்கிறது. இதற்குப் புல் நடவில்லை. மணல் சுதந்திரமாக நடந்தால் எப்படியிருக்கும் என்று பிற்காலத்தவர் பார்க்கட்டும் என்றே விட்டுவைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். இன்னும் வடக்கே, மணல் மூடிய தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் மட்டும் காட்டுக்குள் நிற்கிறது. ஞாயிறு பூசைக்கு வாசலைத் தோண்டித் தோண்டிக் களைத்தவர்கள் 1795இல் அதைக் கைவிட்டார்கள். கப்பல்களுக்கு அடையாளமாகக் கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டார்கள்.

ஸ்காகன் ஊரில் மஞ்சள் சுவர், சிவப்பு ஓடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் க்ரோயர், மிக்கேல் ஆங்கர், அன்னா ஆங்கர் முதலிய ஓவியர்கள் இங்கே கூடினார்கள். இந்த வெளிச்சத்தையும் மீனவர்களையும் வரைந்தார்கள். ஸ்காகன் அருங்காட்சியகத்தில் அன்னா ஆங்கரின் அறைக்காட்சிகளுக்கு முதலில் போங்கள். அவர் மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் இந்த ஊரிலேயே பிறந்தவர், அந்த வித்தியாசம் படங்களில் தெரிகிறது.

கடைசியாக க்ரேனன் முனை. நடந்தும் போகலாம், டிராக்டர் வண்டியிலும் போகலாம். ஸ்காகெராக்கும் கட்டெகாட்டும் எதிரெதிராக வந்து மோதும் கோட்டில் கால் நனைக்கலாம். நீந்தத் தடை. நீரோட்டம் கணுக்காலளவு தண்ணீரிலேயே காலடி மணலை உருவும். மேற்குக் கரையில் கடல் அரித்த மண்ணில் ஒரு பங்கு இங்கே வந்து சேர்வதால், இந்த முனை நீண்டுகொண்டே போகிறது.

நாட்கள் குறைவாக இருந்தால் எதை விடுவது என்று கேட்பீர்கள். எஸ்பியரையும் ஹான்ஸ்ட்ஹோல்மையும் விடுங்கள். இரண்டே நாள் என்றால் ஹோல்ம்ஸ்லன் க்ளிட்டுக்கு ஒரு நாள், லொக்கனிலிருந்து ஸ்காகன் வரை ஒரு நாள். ஒரே நாள்தான் என்றால் ஸ்காகனையும் விட்டுவிட்டு ரூபியர் க்னூதெக்கு மட்டும் போங்கள். ஆல்போர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.